கொல்கத்தா நாட்குறிப்பு: முதன்முறை செல்பவர் தவறவிடக் கூடாதவை

வெள்ளிக்கிழமை

கொல்கத்தாவுக்கு முதன்முறை செல்பவர்களின் கையில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கிறது: ஹவுரா பாலம், விக்டோரியா நினைவகம், காளிகாட், பார்க் தெரு. இவையெல்லாம் பார்க்கத் தக்கவையே. ஆனால் இந்த நகரத்தின் சிறப்பு, மக்கள் அன்றாடம் தொழில் செய்யும் இடங்களில்தான் முழுமையாகத் தெரிகிறது என்பது என் எண்ணம். பூச்சந்தையை விடியலில் பார்க்க வேண்டும். புத்தகத் தெருவைக் கடைகள் திறந்த பின் பார்க்க வேண்டும். சிலை செய்பவர்களை அவர்கள் கையில் களிமண் இருக்கும் பருவத்தில் பார்க்க வேண்டும். எனவே நானும் அக்காவும் இடங்களின் பட்டியலோடு நேரங்களின் பட்டியலையும் எழுதிக்கொண்டு, குளிர் இதமாக இருக்கும் ஜனவரியில் கிளம்பினோம்.

ஹவுரா நிலையத்தில் இறங்கியவுடன் வாடகைக் கார் தேடி நெரிசலில் நுழையாமல், நிலையத்துக்கு எதிரிலேயே உள்ள படகுத்துறைக்கு நடந்து போவது நல்லது. சில ரூபாய்க் கட்டணத்தில் ஹூக்ளி ஆற்றைக் கடந்து பாபுகாட் படித்துறையில் இறங்கிவிடலாம். படகு கரையை விட்டு நகர நகர, ஹவுரா பாலம் முழு உருவில் கண்முன் விரிகிறது. பாலத்தின் மேலே வண்டியில் போகிறவர்களுக்கு இரும்புச் சட்டங்களின் இடுக்கும் பேருந்துகளின் முதுகும் மட்டுமே தெரியும். அதன் அமைப்பு ஆற்றிலிருந்து பார்க்கும்போதுதான் புரிகிறது.

1874இல் இங்கே கட்டப்பட்டது மிதவைகளின் மேல் நின்ற பாலம். கப்பல்கள் வரும்போது அதன் நடுப்பகுதியை விலக்கி வழிவிட்டார்கள். அதற்கு மாற்றாக எழுந்த இன்றைய பாலம், போர்க்காலமாக இருந்ததால் விழா எதுவுமின்றி 1943 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 26,500 டன் எஃகில் அமைந்த இப்பாலத்தில் நட்டும் போல்ட்டும் கிடையாது. அனைத்தும் ரிவெட் அடித்து இணைக்கப்பட்டவை. ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லாமல், இரு கரைக் கோபுரங்களுக்கு இடையே 457 மீட்டர் தூரத்தை அது தாண்டி நிற்கிறது. 1965இல் இதற்கு ரவீந்திர சேது என்று பெயர் சூட்டினாலும், படகில் எங்களோடு வந்த யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

மாலையில் பி.பா.தி. பாக் என்று சுருக்கி அழைக்கப்படும் பழைய டல்ஹவுசி சதுக்கத்தைச் சுற்றி வந்தோம். நடுவில் லால் திகி குளம், ஒரு பக்கம் செந்நிறத்தில் நீண்டு கிடக்கும் ரைட்டர்ஸ் கட்டடம், இன்னொரு பக்கம் 1868இல் கட்டி முடிக்கப்பட்ட தலைமை அஞ்சலகத்தின் வெண்ணிறக் குவிமாடம். 1930 டிசம்பர் 8 அன்று ரைட்டர்ஸ் கட்டடத்துக்குள் நுழைந்து சிறைத்துறைத் தலைவர் சிம்ப்சனைச் சுட்ட பினய், பாதல், தினேஷ் ஆகிய மூன்று இளைஞர்களின் பெயரையே சதுக்கம் இன்று தாங்குகிறது. வார நாளில் வந்தால் அலுவலகப் பணியாளர்கள் சூழ்ந்து நிற்கும் நடைபாதை உணவுக் கடைகளையும் பார்க்கலாம். ஞாயிறன்று இப்பகுதி வெறிச்சோடிவிடும்.

அங்கிருந்து ஆற்றங்கரையை ஒட்டித் தெற்கே, பிரின்செப் காட் வரை சென்றோம். 1992இல் திறந்த வித்யாசாகர் சேதுவின் கம்பி வடங்களுக்குக் கீழே, கிரேக்கத் தூண்களோடு நிற்கும் இந்த மண்டபத்துக்குப் பெரும்பாலோர் படகுச் சவாரிக்காகவும் மாலை வெயிலுக்காகவும் வருகிறார்கள். தமிழர்கள் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொல்கத்தா நாணயச் சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப், 1830களில் அசோகரின் பிராமி எழுத்தைப் படித்தறிந்தவர். மாங்குளத்திலும் புகளூரிலும் நம் குகைகளில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டுகளைப் பிற்கால அறிஞர்கள் வாசித்ததற்கு அடித்தளம் இட்டது அவருடைய உழைப்பே. அந்த நன்றியோடு சிறிது நேரம் அங்கே நின்றோம்.

சனிக்கிழமை

ஐந்து மணிக்கே எழுந்து, ஹவுரா பாலத்தின் கிழக்கு முனைக்குக் கீழே உள்ள மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போனோம். கொல்கத்தாவில் ஒரே ஒரு காலைப் பொழுதுதான் கையில் இருக்கிறது என்று யாராவது சொன்னால், இங்கே போங்கள் என்று தயங்காமல் சொல்வேன். மேதினிபூர், ஹவுரா, நதியா மாவட்டங்களிலிருந்து இரவோடு இரவாக ரயிலிலும் லாரியிலும் வரும் பூக்கள் விடியும் முன்பே கைமாறத் தொடங்குகின்றன. ஆரஞ்சும் மஞ்சளுமான செண்டுமல்லிச் சரங்களை வடம்போல் சுருட்டித் தோளிலும் தலையிலும் சுமந்தபடி ஆட்கள் வேகமாக வருகிறார்கள். காளிக்கு உகந்த செம்பருத்தி மொட்டுகள் ஈரத் துணிக்குள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. சம்பங்கி, சாமந்தி, ரோஜா, தாமரை என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. மல்லிகையையும் கனகாம்பரத்தையும் தேடும் நம் கண்களுக்கு, இங்கே செண்டுமல்லிதான் அரசாள்கிறது என்பது முதலில் வியப்பாகவே இருக்கும்.

தரை முழுவதும் பூக்கழிவும் நீரும் கலந்து வழுக்கும் என்பதால் பிடிமானமுள்ள செருப்பு அவசியம். சுமை தூக்கி வருபவர்கள் நிற்க மாட்டார்கள். நாம்தான் ஒதுங்க வேண்டும். படம் எடுப்பதற்காக நடுவழியில் நிற்பவர்களைப் பார்த்தபோது, இது பிறருடைய பிழைப்பிடம் என்பதை ஒவ்வொரு பயணியும் நினைவில் வைக்க வேண்டும் என்று தோன்றியது. சந்தைக்கு அப்பால் உள்ள படித்துறையில் இறங்கினால், பாலத்துக்குப் பின்னால் வெளுக்கும் வானத்தையும், குளிரைப் பொருட்படுத்தாமல் நீராடுபவர்களையும் காணலாம். மண் குவளையில் தேநீரும், கச்சோரியும் உருளைக்கிழங்குக் கறியும் அந்த நேரத்தில் கிடைக்கும் சிறந்த சிற்றுண்டி.

பிற்பகலுக்குக் கல்லூரித் தெரு. பலரும் இதைப் பழைய புத்தகக் கடைத் தெரு என்று மட்டும் எழுதுகிறார்கள், அது போதாது. 1817இல் இந்து கல்லூரியாகத் தொடங்கி இன்று பல்கலைக்கழகமாக உள்ள பிரசிடென்சி, 1824இன் சமஸ்கிருதக் கல்லூரி, 1835இன் மருத்துவக் கல்லூரி, நம் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்த அதே 1857இல் பிறந்த கொல்கத்தாப் பல்கலைக்கழகம் ஆகிய அனைத்தும் சில நிமிட நடைக்குள் இருக்கின்றன. இத்தனை மாணவர்கள் இருப்பதால்தான் இத்தனை கடைகள். கல்லூரிகளின் இரும்பு வேலியில் முதுகு சாய்த்தபடி, மரப்பலகையும் தகரமும் கொண்டு கட்டிய சிறு கடைகள் வரிசையாக நீள்கின்றன. ஒருவர் உட்காரும் அளவே உள்ள கடையில் கூரை வரை புத்தகம் அடுக்கியிருக்கிறது. கடைக்காரரிடம் பாடத்தையோ ஆசிரியரையோ சொன்னால் போதும். எந்த அடுக்கின் நடுவில் எது இருக்கிறது என்று பார்க்காமலேயே உருவுகிறார். தன்னிடம் இல்லையென்றால் நான்காவது கடைக்கு ஆளனுப்பி வரவழைக்கிறார். அக்கா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இயற்பியல் கற்பித்தவர். அச்சில் இல்லாத ஒரு பழைய ஒளியியல் நூலைக் கேட்டு, அது கிடைத்தபோது அவருடைய முகம் மலர்ந்ததைச் சொல்லி மாளாது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதைப் பயணிகள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எதிரே, பழைய ஆல்பர்ட் மண்டபத்தின் மாடியில் காபி ஹவுஸ் இருக்கிறது. 1942இல் தொடங்கி, பின்னர் பணியாளர்களின் கூட்டுறவுச் சங்கத்தின் கைக்கு வந்த இந்த இடத்தில், விசிறி வைத்த தலைப்பாகையும் வெள்ளைச் சீருடையும் அணிந்த பரிசாரகர்கள் இன்றும் பரிமாறுகிறார்கள். பால் சேர்க்காத கறுப்புக் காபிக்கு இங்கே இன்ஃப்யூஷன் என்று பெயர். நம் வீட்டு டிகிரி காபியின் சுவையை எதிர்பார்த்துப் போகக் கூடாது. மேல்தளத்தில் ஓரமாக ஒரு மேசையைப் பிடித்து, கீழே பெரிய கூடத்தில் நடக்கும் விவாதங்களின் இரைச்சலைக் கேட்பதற்காகவே போக வேண்டும். யாரும் நம்மை எழுந்திருக்கச் சொல்வதில்லை.

மாலையில் அக்காவின் விருப்பப்படி பௌபஜார் தெருவுக்கு நடந்தோம். சுற்றுலாப் பட்டியல்களில் இந்தத் தெரு அரிதாகவே இடம்பெறும். 1907இல் நிதித்துறை அதிகாரியாக இந்நகருக்கு வந்த சர் சி. வி. ராமன், இத்தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகையை டிராமில் போகும்போது கண்டு இறங்கினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் படித்திருக்கிறோம். அலுவலகத்துக்கு முன்னும் பின்னும் அங்கே ஆய்வு செய்தவர், 1928 பிப்ரவரி 28 அன்று, விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு, தம் பெயர் தாங்கிய ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்தார். கழகம் பின்னர் ஜாதவ்பூருக்கு இடம் மாறிவிட்டது. ஆயினும், “இந்தத் தெருவில்தானடா நடந்தார்கள்!” என்று அக்கா நின்று பார்த்த அந்தச் சில நிமிடங்கள் எனக்கு எந்த அரண்மனையைவிடவும் பெரிதாகத் தோன்றின.

திரும்பும்போது டிராமில் ஏறினோம். 1873இல் குதிரைகள் இழுக்கத் தொடங்கி, 1902இல் மின்சாரத்துக்கு மாறிய இந்த வண்டி, ஆசியாவில் இன்றும் ஓடும் மிகப் பழைய டிராம் சேவை. ஒரு காலத்தில் நகரம் முழுவதும் பரவியிருந்த தடங்களில் ஓரிரண்டே எஞ்சியிருக்கின்றன. அவற்றையும் நிறுத்தும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. புகையில்லாத, எளியவர்க்கும் கட்டுப்படியாகும் ஒரு வாகனத்தை ஒரு நகரம் தானாகக் கைவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது. வருபவர்கள் தள்ளிப்போடாமல் ஏறிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை

பெரிய அருங்காட்சியகங்கள் திங்களன்று மூடியிருக்கும் என்பதால், கூட்டம் இருக்கும் என்று தெரிந்தே இன்று அவற்றுக்கு நேரம் ஒதுக்கினோம். அதிகாலையில் காளிகாட் கோயிலுக்குப் போய்த் தரிசனம் முடித்தோம். இன்றுள்ள கோயில் 1809இல் கட்டப்பட்டது. விரைவாகத் தரிசனம் செய்து வைப்பதாகச் சொல்லி உடன் வருபவர்களுக்குப் பணிவாக மறுப்புச் சொல்லி, வரிசையில் நிற்பதே நிம்மதி. கோயிலை ஒட்டியே, இறக்கும் தறுவாயில் உள்ளவர்களுக்காக அன்னை தெரசா 1952இல் தொடங்கிய நிர்மல் ஹிருதய் இல்லம் இருக்கிறது.

பிறகு, 1767இல் திறக்கப்பட்ட தெற்குப் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். வெளியே வண்டிகளின் இரைச்சல். உள்ளே மரங்களின் நிழலில் கோபுரங்களும் கூம்புகளும் மண்டபங்களுமாகப் பாசி படிந்த சமாதிகள். பெரும்பாலானவற்றில் வயதைப் படித்தால் இருபதும் முப்பதுமாகவே இருக்கிறது. கப்பலேறி வந்து இந்தத் தட்பவெப்பத்துக்கும் நோய்க்கும் இரையானவர்கள். 1784இல் ஆசியக் கழகத்தை நிறுவிய சர் வில்லியம் ஜோன்ஸின் உயர்ந்த கூம்பும், இளம் வயதிலேயே மறைந்த கவிஞரும் ஆசிரியருமான டெரோசியோவின் சமாதியும் இங்கே உள்ளன.

இந்திய அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது வேண்டும். 1814இல் ஆசியக் கழகம் தொடங்கிய இது, நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியகம். எகிப்திய மம்மியைப் பார்க்கவே வரிசை நீள்கிறது. ஆனால் நீங்கள் முதலில் போக வேண்டியது பர்ஹுத் கூடத்துக்கு. மத்தியப் பிரதேசத்து பர்ஹுதில் 1873இல் தொல்லியல் அறிஞர் கன்னிங்காம் கண்டெடுத்த, கிறிஸ்துவுக்கு முன் 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸ்தூபியின் சிவப்புக் கல் வேலிகளையும் தோரண வாயிலையும் இங்கே எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள். வட்டப் பதக்கங்களுக்குள் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகள். மரத்தடியும் இருக்கையும் காலடியும் இருக்கின்றன, புத்தரின் உருவம் எங்கும் இல்லை. மனித வடிவில் அவரைச் செதுக்கத் தொடங்காத காலம் அது. பல சிற்பங்களுக்குப் பக்கத்தில், இது இன்ன கதை, இந்தத் தூண் இன்னாரின் கொடை என்று பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை பிரின்செப் மண்டபத்தில் நின்றது இங்கே பொருள் பெற்றது. முடிந்தால் நீங்களும் அந்த வரிசையிலேயே பாருங்கள்.

விக்டோரியா நினைவகத்தை மாலையில் பார்த்தோம். கர்சன் பிரபுவின் எண்ணத்தில் உதித்து, வில்லியம் எமர்சன் வடிவமைத்து, 1906இல் அடிக்கல் நாட்டி 1921இல் திறந்த மக்ரானா சலவைக்கல் மாளிகை. கட்டிக்கொண்டிருக்கும்போதே, 1911இல், தலைநகரம் டெல்லிக்கு மாற்றப்படுவதாக அறிவிப்பு வந்துவிட்டது. உள்ளே ஆங்கில ஓவியர்களான தாமஸ், வில்லியம் டேனியல்களின் ஓவியங்களுக்காக ஒரு மணி நேரம் செலவிடலாம். வெளியே தோட்டத்திலும் அதை அடுத்த மைதானத்திலும் ஞாயிறு மாலையின் கொல்கத்தா திரண்டிருக்கிறது: கிரிக்கெட், கால்பந்து, பொரியில் கடுகெண்ணெய் விட்டுக் கலக்கித் தரும் ஜால்முரி, புச்கா. புச்காவின் புளித்தண்ணீர் நம் ஊர்ப் பானிபூரியைவிட உறைப்பானது.

அசைவம் உண்பவர்கள், அவுத் நவாப் வாஜித் அலி ஷா நாடு இழந்து 1856இல் இங்கு வந்து தங்கியதோடு தொடர்புபடுத்தப்படும், முழு உருளைக்கிழங்கு வைத்த பிரியாணியைத் தவறவிடக் கூடாது. அக்கா சைவம் என்பதால் இரவு உணவுக்கு லேக் மார்க்கெட் பக்கம் போனோம். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதி அது. வாழையிலையும் கறிவேப்பிலையும் விற்கும் கடைகளுக்கு நடுவே இட்லியும் சாம்பாரும் கிடைத்தன.

திங்கட்கிழமை

மெட்ரோவில் வடக்கு முனையான தக்ஷிணேஸ்வர் வரை சென்றோம். ராணி ராஷ்மோனி 1855இல் எழுப்பிய ஒன்பது கோபுரக் காளி கோயிலும், ஆற்றை நோக்கி வரிசையாக நிற்கும் பன்னிரண்டு சிவன் கோயில்களும், முற்றத்தின் ஒரு மூலையில் ராமகிருஷ்ணர் வாழ்ந்த அறையும் இங்கே இருக்கின்றன. அந்த அறையில் அமர்ந்து தியானிப்பவர்களுக்காகக் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். அங்கிருந்து படகில் பேலூர் மடத்துக்குப் போவதே முறையான வழி என்பேன். விவேகானந்தர் 1902 ஜூலை 4 அன்று மறைந்த அறை அங்கே பாதுகாக்கப்படுகிறது. 1938இல் திறக்கப்பட்ட பெரிய கோயிலில், கோணத்துக்குக் கோணம் வெவ்வேறு சமயங்களின் கட்டடச் சாயல் தெரியும்படி அமைத்திருக்கிறார்கள். கன்னியாகுமரிப் பாறையை அறிந்த நமக்கு, அந்த வாழ்க்கையின் மறுமுனையை இங்கே காண்பது பெரும் நிறைவு. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே சென்றுவிடுங்கள்.

பிற்பகலில் குமார்துலி. சோவாபஜார் மெட்ரோவிலிருந்து நடக்கும் தூரத்தில், ஆற்றை ஒட்டிய சந்துகளில், தலைமுறை தலைமுறையாகக் களிமண் சிலைகள் செய்யும் குயவர்களின் குடியிருப்பு. 2021இல் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற துர்கா பூஜைக்கான சிலைகள் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. இது ஜனவரி என்பதால், சரஸ்வதி பூஜைக்கான சிலைகள் சந்தின் இரு பக்கமும் நிறைந்திருந்தன. முதலில் மூங்கில் சட்டம். அதன்மேல் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி உடலின் வளைவுகளைக் கொண்டுவருகிறார்கள். அதன்மேல் ஒட்டும் தன்மையுள்ள களிமண், காய்ந்து வெடித்த பின் ஆற்று வண்டலின் மென்மையான பூச்சு, பிறகு வண்ணம், தலைமுடி, நெட்டியில் செய்த வெள்ளை நகைகள். வீணையைப் பிடிப்பதற்கான விரல்களைத் தனியாகச் செய்து, ஒரு பலகையில் வரிசையாகக் காய வைத்திருந்தார் ஒரு பெரியவர். எங்களை உள்ளே வரச் சொல்லி, ஒரு விரலை அக்காவின் கையில் கொடுத்துக் காட்டினார். துர்கைக்கு மட்டும் மகாளய நாளில்தான் கண் திறப்பது மரபு என்றார். இத்தனை உழைப்பும் பூஜை முடிந்ததும் ஆற்றில் கரையும் என்று தெரிந்தே, ஒவ்வொரு நகத்தையும் அவர்கள் திருத்தமாகச் செதுக்குகிறார்கள். படம் எடுக்கும் முன் அனுமதி கேட்பதும், சிலைகளில் உரசாமல் நடப்பதும் நாம் செய்யக் கூடிய குறைந்தபட்ச மரியாதை.

பக்கத்துப் பாக்பஜாரில்தான், 1868இல் நபீன் சந்திர தாஸ் வங்காளத்து ரசகுல்லாவை உருவாக்கினார் என்கிறார்கள். குளிர்காலத்தில் வருபவர்கள் அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது நொலேன் குர் எனப்படும் புதிய பேரீச்ச வெல்லம் சேர்த்த சந்தேஷ்; கோடையில் இது கிடைக்காது. பிறகு ஆற்றங்கரைப் படகுத்துறையிலிருந்து ஹவுராவுக்குப் படகு பிடித்தோம். இந்தப் படகு ஹவுரா பாலத்துக்குக் கீழாகவே செல்லும். அண்ணாந்து பார்த்தால் பாலத்தின் அடிப்பகுதிச் சட்டங்கள் அனைத்தும் தெளிவாகத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை

காலையில் ஜோராசாங்கோவில் உள்ள தாகூர் இல்லம். 1861இல் அவர் பிறந்ததும் 1941 ஆகஸ்ட் 7 அன்று மறைந்ததும் இதே வீட்டில். செந்நிற மாளிகையின் பல அறைகளைக் கடந்து அவருடைய கடைசி நாட்கள் கழிந்த அறைக்கு வரும்போது, உடன் வந்த பள்ளிப் பிள்ளைகளும் தாமாகவே பேச்சை நிறுத்தினார்கள்.

அங்கிருந்து எஸ்பிளனேடு வந்து, ஹவுரா மெட்ரோ ஏறினோம். 1984இல் இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடியதும் எஸ்பிளனேடிலிருந்துதான். 2024 மார்ச்சில் திறந்த இந்தப் புதிய தடம் ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் சுமார் 520 மீட்டர் தூரத்தை முக்கால் நிமிடத்தில் கடக்கிறது. நீல விளக்குகள் தெரியத் தொடங்கும்போது ஆறு நம் தலைக்கு மேலே இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம். ஹவுரா நிலையம் தரைக்குக் கீழே 30 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இருக்கிறது. மேலே வர நகரும் படிக்கட்டுகள் உண்டு.

ஆற்றின் மேற்குக் கரையில், சிவபூரில், ராபர்ட் கிட் 1787இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. நகர மையத்திலிருந்து சற்றுத் தொலைவு என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாத இடம். இங்குள்ள பெரிய ஆலமரத்துக்கு வயது 250 ஆண்டுகளுக்கு மேல். புயலிலும் பூஞ்சையிலும் சிதைந்த நடு மரத்தை 1925இல் அகற்றிவிட்டார்கள். அதன் பிறகும் ஆயிரக்கணக்கான விழுதுகளின் பலத்திலேயே மரம் பரவிக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒரு தோப்பு. சுற்றி நடந்து, கிளைகளின் தொடர்ச்சியைக் கண்ணால் பின்பற்றினால்தான் ஒரே மரம் என்று நம்ப முடிகிறது. அக்கா ஒவ்வொரு விழுதாகத் தொட வேண்டும் என்றார். வேலிக்கு வெளியே நின்று பார்க்க மட்டுமே அனுமதி.

இரவு ரயிலுக்கு ஹவுரா திரும்பினோம். தெற்கே செல்லும் தொலைதூர ரயில்கள் பொதுவாக நிலையத்தின் புதிய வளாகத்தில், 17 முதல் 23 வரையுள்ள நடைமேடைகளிலிருந்து புறப்படும். பழைய வளாகத்தின் வாசலில் இறங்கிவிட்டால் சுமையோடு நெடுந்தூரம் நடக்க நேரும். ஓட்டுநரிடம் புதிய வளாகம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.